நிலமா, அறிவுசார் சொத்தா? சட்டக் கல்லூரி மாணவியின் கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து 24 வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறோம். பி.காம் முடித்துவிட்டு அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. சொத்து மாற்றச் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு மனப்பாடம் செய்து எழுதியும் 52 மதிப்பெண்தான் வந்தது. "இந்தப் பழைய நிலச் சட்டம் எனக்கு வராது. அறிவுசார் சொத்துரிமைக்குப் போய்விடலாமா? அதற்கு அறிவியல் பட்டம் வேண்டும் என்கிறார்களே? 60,000 ரூபாய்க்கு இணையவழி டிப்ளமோ ஒன்று இருக்கிறது, சேரலாமா?" என்று கேட்கிறார். படிப்பு முடிந்ததும் கட்டுமான நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் நிலம் வாங்கி விற்கும் ஒருவர், பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பீனியன் (சட்டக் கருத்துரை) எழுதித் தந்தால் கோப்புக்கு 2,000 ரூபாய் தருகிறேன், கையெழுத்துப் போட ஒரு வக்கீல் இருக்கிறார் என்கிறாராம்.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார். தாத்தா 1974-ல் 1 ஏக்கர் 12 சென்ட் புஞ்சை கிரயம் வாங்கினார். பாட்டி முன்பே காலமாகிவிட, தாத்தா 2009-ல் உயில் எழுதாமல் இறந்தார். 2012-ல் பட்டா பெரியப்பா பெயருக்கு மாறிவிட்டது. இப்போது பெரியப்பா விற்க ஆள் பார்க்கிறார். "பன்னிரண்டு வருசம் தாண்டிப்போச்சு, பட்டாவும் அவர் பேர்ல இருக்கு. நமக்குப் பாதி வரவேண்டியது, போகட்டும் விடும்மா" என்கிறார் அப்பா.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த நிலத்தைப் பேச வேண்டும். அது காத்திருக்காது.

முதலில் தாத்தா நிலம்

உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். தாத்தா தன் பணத்தில் கிரயம் வாங்கியது சுயார்ஜிதச் சொத்து. உயில் இல்லாமல் அவர் இறந்த அன்றே, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்கு அது சமமாக இறங்கிவிட்டது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாதிப்பாதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் அத்தை ஒருவர் இருப்பதாகவும் சொல்கிறீர்கள். அவருக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு. ஆளுக்கு 37.33 சென்ட்.

மகள்களுக்குப் பங்கு வந்தது தமிழ்நாட்டின் 1989 திருத்தத்தாலோ மத்திய அரசின் 2005 திருத்தத்தாலோதான் என்று நினைத்தால் அது தவறு. அந்தத் திருத்தங்கள் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வரும் உரிமையைப் பற்றியவை. தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே உண்டு. தேர்விலும் இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

பட்டா என்பது வருவாய்த் துறை யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்காக வைத்திருக்கும் பதிவு. அது உரிமைக்கு ஒரு துணைச் சான்றாகலாம், ஆனால் உரிமையைப் பிறப்பிக்காது, இருக்கும் உரிமையை அழிக்கவும் செய்யாது. 12 ஆண்டுக் கணக்கும் அப்பா நினைக்கிற மாதிரி ஓடுவதில்லை. கூட்டுரிமையாளர் ஒருவரின் அனுபவம் மற்ற எல்லாருக்காகவும் உள்ள அனுபவமாகவே சட்டத்தில் கருதப்படும். "உங்களுக்கு இதில் உரிமையே இல்லை" என்று அவர் வெளிப்படையாக மறுத்து மற்றவர்களை விலக்கி வைத்த நாளிலிருந்துதான் எதிரிடை அனுபவக் காலம், அதாவது பிறர் சொத்தைத் தனதென்று அனுபவித்து உரிமை கோருவதற்கான அந்த 12 ஆண்டு, தொடங்கும். பட்டா மாறியது மட்டும் அத்தகைய விலக்கல் ஆகாது. ஆனாலும் பட்டா மாற்றத்தோடு வேறு செயல்களையும் சேர்த்து எதிர்த்தரப்பு அப்படி வாதிடும். ஆகவே நிம்மதியாக உட்கார்ந்திருக்கவும் முடியாது.

பெரியப்பா முழு நிலத்தையும் விற்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி வாங்குபவருக்குப் போய்ச் சேருவது பெரியப்பாவின் மூன்றில் ஒரு பங்குதான். பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருக்கும்போது விற்றால் 52-ஆம் பிரிவு வாங்குபவரையும் கட்டும், தீர்ப்பு எதுவோ அதற்கு அவர் உட்பட வேண்டும். வழக்கை விற்பனைக்கு முன் போடுவதா பின் போடுவதா என்பது இதனால்தான் முக்கியம்.

சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்தால் பதிவு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2025-ல், தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ தொடர்பான வழக்கில் திரும்பவும் சொன்னது.

1974 கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், 1974 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்று, தாத்தாவின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, 2012 பட்டா மாறுதல் உத்தரவின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அப்பாவும் அத்தையும் இந்த வாரமே ஒரு சிவில் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். பட்டா மாறுதலை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு அங்கே காரணம் சொல்ல வேண்டியிருக்கும். முக்கியமானது சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. அத்தை வாதியாக வர மறுத்தால் பிரதிவாதியாகச் சேர்த்தே ஆக வேண்டும், பங்குதாரர் ஒருவரை விட்டுவிட்ட பாக வழக்கு நிற்காது. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 37-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவா இரண்டாவதா என்ற கேள்வி எழும். கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்றால் நிர்ணயித்த தொகை, அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டோம் என்றால் பங்கின் சந்தை மதிப்பில் கட்டணம். கட்டணம் குறையட்டும் என்று உண்மைக்கு மாறாக எழுதக்கூடாது. விலக்கப்பட்டது எப்போது என்பதே இந்த வழக்கின் மையக் கேள்வியாக மாறக்கூடும்.

52 மதிப்பெண் ஏன் வந்தது

மேலே எழுதியதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். உங்கள் வீட்டு வயல் ஒன்றுக்குள் வாரிசுரிமை, சொத்து மாற்றம், பதிவு, காலவரையறை, நீதிமன்றக் கட்டணம் எல்லாம் இருக்கின்றன. "வராது" என்று நீங்கள் சொல்லும் பாடம் இதுதான். உங்களுக்கு வராமல் போனது எண் வரிசையில் படித்ததால். 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து 137 வரை நேராகப் படிப்பவருக்கு, முதல் ஐம்பது பிரிவுகளிலேயே, பிறக்காத குழந்தைக்கு எழுதி வைப்பதும் நிரந்தரக் கட்டுக்கு எதிரான விதியும் வந்து மூச்சுத் திணறிவிடும். கிரயம் 54-ல்தான் வருகிறது. நான் சொல்லும் வரிசை இது: 54, 55, பிறகு 53-ஏ, பிறகு 41, 43, 44, 52. அதன் பின் அடமானம் 58 முதல் 60 வரை, குத்தகை 105 முதல் 111 வரை, தானம் 122, 123, 126. கடைசியாகத்தான் 10 முதல் 35 வரை.

தேர்வில் வரும் சிக்கல் கேள்வி எப்படி உடைகிறது என்று ஒன்றைக் காட்டுகிறேன். ஒருவர் மனை வாங்கப் பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம் போடுகிறார். 10 லட்சம் முன்பணம் கொடுத்துச் சுவாதீனமும் பெற்றுவிட்டார். விற்பவர் பின்வாங்குகிறார். 54-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவர் "ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையும் தராது" என்று எழுதி நிறுத்திவிடுவார், அதற்குப் பாதி மதிப்பெண்ணும் கிடைக்காது. அடுத்த படி 53-ஏ, அதாவது சுவாதீனத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் கேடயம். 24.9.2001 முதல், பதிவுச் சட்டத்தின் 17(1-ஏ) பிரிவுப்படி, பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு அந்தக் கேடயம் கிடையாது. தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் கிரய ஒப்பந்தத்தையே கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அப்படியானால் 10 லட்சம் கொடுத்தவர் கதி அவ்வளவுதானா? இல்லை. 49-ஆம் பிரிவின் காப்புரை, பதிவாகாத ஒப்பந்தத்தையும் 'ஏற்றதை ஆற்றுதல்' வழக்கில், அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில், சான்றாக ஏற்க இடம் தருகிறது. தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் இதுவே நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023-ல், ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குப் போடக் காலவரையறைச் சட்டத்தின் 54-ஆவது இனப்படி 3 ஆண்டு. அந்தக் காலம் முழுக்க மீதிப் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்கவும் வேண்டும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி எழுதினால், ஆங்கிலம் எளிமையாக இருந்தாலும் மதிப்பெண் வரும்.

பத்திரத்தை மேசையில் விரியுங்கள்

தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துறையில் அது பெரிய பலம். நம்மூரில் உரிமையின் சங்கிலி முழுவதும் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பல இளம் வழக்கறிஞர்கள் 1950-களின் கையெழுத்துப் பத்திரத்தைப் பார்த்ததும் திகைத்து நிற்கிறார்கள்.

அந்த 1974 பத்திர நகல் வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். முதலில் எழுதிக்கொடுப்பவர், எழுதிக்கொள்பவர். அடுத்து, சொத்து எழுதிக்கொடுத்தவருக்கு எப்படிப் பாத்தியப்பட்டது என்ற வரி. 'பித்ரார்ஜிதம்' (தந்தை வழி வந்தது) என்று இருந்தால் அவருடைய மற்ற வாரிசுகள் கையெழுத்திட்டார்களா என்று தேட வேண்டும், 'சுயார்ஜிதம்' என்றால் அதற்கு முந்தைய பத்திரத்தைத் தேட வேண்டும். பிறகு கிரயத் தொகையும் அது கொடுக்கப்பட்ட விதமும். அதன் பின் "தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன்" என்பது போன்ற வாசகம் வரும். தானம் கொடுக்க, பரிவர்த்தனை செய்ய, விற்க எல்லா உரிமையும் மாறுகிறது என்பது அதன் பொருள். சொத்து மாற்றச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஆயுள் வரை அனுபவிக்க மட்டும் என்று எழுதிய பத்திரத்தில் இந்த வாசகம் இருக்காது. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்தத் தேர்விலும் மறக்காது.

கடைசியில் சொத்து விவரம். செக்குபந்தியையும் (நான்கு எல்லை) புல எண்ணையும் இன்றைய அ-பதிவேட்டோடும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணிக்குப் பிறகு பல இடங்களில் உட்பிரிவு எண் மாறியது, அளவும் ஏக்கர்–சென்ட்டிலிருந்து ஹெக்டேர்–ஏருக்கு வந்தது. உங்கள் 1 ஏக்கர் 12 சென்ட் பட்டாவில் ஏறக்குறைய 45.3 ஏர் என்று இருக்க வேண்டும். 40 என்று இருந்தால் எங்கோ 13 சென்ட் காணாமல் போயிருக்கிறது. பத்திரத்தின் பின்பக்கமும் முக்கியம். பதிவு எண், ஆண்டு, 1-ஆம் புத்தகம், தொகுதி, பக்கம் என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும்.

வில்லங்கச் சான்றை நம்புவதில் ஒரு எல்லை உண்டு. அது அசையாச் சொத்துப் பதிவுகளுக்கான 1-ஆம் புத்தகத்திலிருந்து வருவது. உயில் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். பழைய பவர் பத்திரங்கள் பெரும்பாலும் 4-ஆம் புத்தகத்தில் கிடக்கும். வாய்மொழிப் பாகப்பிரிவினை எந்தப் புத்தகத்திலும் இராது. "வில்லங்கம் இல்லை" என்ற சான்று, தேடிய அலுவலகத்தில், தேடிய ஆண்டுகளில், தேடிய புல எண்ணில் பதிவு எதுவும் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. பவர் பத்திரமும் ஒப்பந்தமும் வைத்துக்கொண்டு "வாங்கிவிட்டேன்" என்பவருக்கு உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், எளிய ஆங்கிலம்தான்.

ரியல் எஸ்டேட் சட்டம் தனியாக வேறொன்று என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன அடித்தளத்தின் மேல் 2016-ஆம் ஆண்டின் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. கட்டுமானக் குறை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவந்தால் நிறுவனமே சரிசெய்து தர வேண்டும். சொன்ன தேதியில் ஒப்படைக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம், 18-ஆம் பிரிவு. தமிழ்நாட்டு ரெரா தளத்தில் ஏதேனும் ஒரு திட்டத்தைத் திறந்து, பதிவேற்றியிருக்கும் ஆவணங்களைப் படித்து, பிரிக்கப்படாத நிலப் பங்குகளின் கூட்டுத்தொகை மொத்த நிலத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு மாலை போதும்.

அறிவுசார் சொத்துரிமைக்கு அறிவியல் பட்டம் வேண்டுமா

நீங்கள் கேள்விப்பட்டதில் ஒரு துண்டு மட்டும் உண்மை. காப்புரிமை (பேட்டன்ட்) முகவர் தேர்வு எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கட்டாயம். காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பி.காம் படித்த உங்களால் அந்தத் தேர்வை எழுத முடியாது. கண்டுபிடிப்பை விவரித்து விண்ணப்பம் வரையும் வேலை உங்கள் பாதை அல்ல என்பதை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. வணிகக் குறி (டிரேட்மார்க்), பதிப்புரிமை (காப்பிரைட்), வடிவமைப்பு, புவிசார் குறியீடு எதற்கும் அறிவியல் பட்டம் தேவையில்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் வணிகக் குறிப் பதிவாளர் முன் தனித் தேர்வு எதுவும் எழுதாமல் ஆஜராகலாம். காப்புரிமை மீறல் வழக்கையும் நீதிமன்றத்தில் நடத்தலாம்.

நிலச் சட்டத்தை விட்டுவிட்டு இதற்குப் போவதாக எழுதியிருப்பதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். இங்கேயும் அதே கேள்விகள்தான்: யாருடையது, எந்த ஆவணத்தால் மாறியது, எவ்வளவு மாறியது, மூன்றாம் நபரை அது கட்டுமா. நிலத்துக்கு 54 எப்படியோ, பதிப்புரிமைக்கு 18, 19 பிரிவுகள் அப்படி. பதிப்புரிமையை மாற்ற எழுத்து வேண்டும், மாற்றுபவரின் கையெழுத்து வேண்டும். ஒரு பாடலாசிரியரோ ஓவியரோ எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "எல்லாம் எழுதி வாங்கிவிட்டோம்" என்று நினைத்திருக்கும் பதிப்பகங்கள் பல இந்த இரண்டு வரியில் மாட்டிக்கொள்ளும். காப்புரிமை மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால், நீதிமன்றம் அனுமதித்தாலொழிய அந்த ஆவணத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இங்கே வேறு சட்டை போட்டு நிற்கிறது. 49-ஐப் புரிந்துகொண்டவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

வேறுபாடுகளையும் அதே கண்ணோடு பாருங்கள். நிலத்துக்கு ஆயுள் இல்லை. காப்புரிமைக்கு 20 ஆண்டு, நூலுக்கு ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும், வணிகக் குறிக்கு 10 ஆண்டு, அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். புவிசார் குறியீடு இன்னும் சுவையானது. திண்டுக்கல் பூட்டுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-ல் குறியீடு கிடைத்தது. அதை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, உரிமம் கொடுக்க முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு தடுக்கிறது. ஊர் முழுவதற்கும் சேர்ந்த சொத்து என்பதால் எந்த ஒருவரும் அதைக் கைமாற்ற முடியாது. சொத்து என்றால் விற்கக்கூடியது என்று நாம் பழகிய எண்ணத்தை இந்த ஒரு பிரிவு அசைத்துவிடுகிறது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தென்மாவட்ட மாணவியான உங்களுக்கு இது நல்ல ஆய்வுத் தலைப்பு.

சென்னைக்குப் போனால்தான் இந்தத் தொழில் என்பதும் முழு உண்மை அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் தனி அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இயங்குகிறது, பெரிய வழக்குகள் அங்கேதான் போகும். ஆனால் வணிகக் குறி, பதிப்புரிமை மீறல் வழக்குகளை மாவட்ட நீதிமன்றத்திலும் போடலாம், வாதி தொழில் நடத்தும் ஊரிலேயே போட வணிகக் குறிச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவும் வழி தருகின்றன. உங்கள் ஊர் ஊறுகாய்க் கம்பெனியும் மிட்டாய்க் கடையும்தான் உங்கள் முதல் கட்சிக்காரர்கள். வணிகக் குறிக்குத் தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) கட்டணம் 4,500 ரூபாய். வணிகக் குறி இதழில் வெளியானபின் 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். பதிவு செய்தாகிவிட்டது, இனி யாரும் அசைக்க முடியாது என்று கட்சிக்காரர் நம்புவார். தனக்கு முன்பே அந்தப் பெயரில் வணிகம் செய்துவந்தவரை அந்தப் பதிவு தடுக்காது என்று 34-ஆம் பிரிவைக் காட்டி அவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்.

கோப்புக்கு 2,000 ரூபாய்

இதைச் செய்யாதீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி சட்டத் தொழில் செய்யப் பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு மட்டுமே உரிமை. நீதிமன்றத்துக்கு வெளியே கருத்துரை எழுதுவதும் அந்தத் தொழிலுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் பாலாஜி வழக்கில் சொல்லிவிட்டது. படிக்காமல் கையெழுத்துப் போடும் வக்கீலுக்கு அது தொழில் ஒழுங்கீனம். அந்தக் கருத்துரையை நம்பி வங்கி கடன் கொடுத்து, பத்திரம் போலி என்று தெரியவந்தால், காவல்துறை முதலில் கேட்பது எழுதியது யார் என்றுதான். உங்கள் பெயர் ஒரு வழக்கில் சேர்ந்தால் பார் கவுன்சில் பதிவின்போதே அதைச் சொல்லியாக வேண்டும்.

அதே வேலையைக் கற்றுக்கொள்ள நேரான வழி இருக்கிறது. வங்கிகளுக்குக் கருத்துரை தரும் வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேருங்கள். 30 ஆண்டுப் பத்திரங்களை வரிசைப்படுத்திக் குறிப்பு எழுதி அவரிடம் காட்டுங்கள். அவர் படித்துத் திருத்திக் கையெழுத்திடட்டும். மூன்றாண்டுப் படிப்பில் மொத்தம் 12 வாரப் பயிற்சி கட்டாயம். அதில் குறைந்தது 4 வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

வேலையும் டிப்ளமோவும்

கட்டுமான நிறுவன வேலை மோசமானதல்ல. சம்பளம் மாதாமாதம் வரும், ரெரா நடைமுறை கைக்குள் வரும். ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்பது பார் கவுன்சில் விதி. சிவில் நீதிபதித் தேர்வுக்கு 3 ஆண்டு வழக்கறிஞர் தொழில் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. நிறுவனத்தில் கழிக்கும் ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. நீதித் துறை ஆசை மனதில் சிறிதளவாவது இருந்தால் முதல் மூன்று ஆண்டை ஒரு சிவில் மூத்த வழக்கறிஞரிடம் செலவழியுங்கள். வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவை என்றால் நிறுவனத்துக்குப் போவதில் தவறில்லை, என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போங்கள்.

60,000 ரூபாய் டிப்ளமோ இப்போது வேண்டாம். காப்புரிமை முகவர் தகுதியை அது தராது, வழக்கறிஞர் பதிவுக்கும் அது தேவையில்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் டி.எல்-101 என்ற அடிப்படைப் படிப்பு இணையத்தில் இலவசம், அதை முதலில் முடியுங்கள். பிடித்திருந்தால் இரண்டாவது 4 வாரப் பயிற்சிக்கு வணிகக் குறி பார்க்கும் அலுவலகம் ஒன்றைத் தேடுங்கள். வழக்கறிஞராகப் பதிவு செய்ய 2024-ல் உச்ச நீதிமன்றம் விதித்த வரம்புப்படி பொதுப் பிரிவினருக்குக் கட்டணம் 750 ரூபாய்தான், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125. அதற்குமேல் கேட்டால் தீர்ப்பைச் சொல்லி ரசீது கேளுங்கள். மிச்சப்படும் பணத்தில் சொத்து மாற்றம், பதிவு, காலவரையறை, குறிப்பிட்ட பரிகாரம், வணிகக் குறி, பதிப்புரிமை ஆகிய ஆறு சட்டங்களின் பேர் ஆக்ட் (உரை சேர்க்காத சட்ட வாசகம்) பிரதிகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் அது உங்கள் தாத்தா நிலத்தில் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாது என்று தமிழில் ஒரு வரி எழுதி வாருங்கள். அந்த 1974 பத்திர நகலுக்கான மனுவை மட்டும் திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள்.